அதே மாத்திரையைத் தொடரவும் – எத்தனை வருஷத்துக்கு சார்?

ஜி.ஹெச். ஓ.பி. சீட்டில் மூன்று எழுத்து அடிக்கடி தென்படும்: சி.எஸ்.டி. போன தடவை கொடுத்த மருந்தையே இந்தத் தடவையும் கொடு என்று அர்த்தம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அப்படி எழுதுவதில் பெரிய தப்பில்லை. அங்கேகூட ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், கையில் பட்டையைக் கட்டிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் எழுதுவார்கள். மனநோய்க்கு வாங்கும் சீட்டில் மட்டும் அந்த மூன்று எழுத்து ஐந்து வருஷம், பத்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஓடுகிறது. நடுவில் ஒரு தடவையாவது யாராவது "நாக்கை நீட்டுங்க, பார்க்கலாம்" என்று கேட்டார்களா? திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் நான் விசாரித்த குடும்பங்களில் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை.

இந்தப் பதிவு அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், வீட்டில் இருப்பவருக்கும் நிறுத்தாதீர்கள். ஏன் என்று கீழே வரும். என் சண்டை மாத்திரையோடு இல்லை. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற பழக்கத்தோடுதான்.

அது என்ன வியாதி?

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வாயில் ஒன்றுமே இருக்காது, ஆனால் மென்றுகொண்டே இருப்பார். உதடு குவியும், விரியும். நாக்கு பாம்பு மாதிரி வெளியே வந்து உள்ளே போகும். கண் பட்பட்டென்று மூடும். கை விரல்கள் கண்ணுக்குத் தெரியாத வீணையை மீட்டும். பையன்கள் பின்னாலிருந்து அதே மாதிரி செய்து காட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் "மூளை கலங்கினா அப்படித்தான்" என்பார்கள். இன்னும் சிலர் காத்து கருப்பு என்பார்கள்.

அவற்றில் எதுவுமாக இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பெயர் டார்டிவ் டிஸ்கைனீசியா. டார்டிவ் என்றால் தாமதமாக வருவது. டிஸ்கைனீசியா என்றால் தாறுமாறான அசைவு. மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வருவது.

விஷயம் இதுதான். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. மனச்சிதைவுக்கான மருந்துகள் அந்த டோபமின் உட்காருகிற இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொள்கின்றன (நம்ம ஊர் பஸ் மாதிரியே). அதனால் காதில் குரல் கேட்பது, சந்தேகம், பயம் எல்லாம் அடங்குகின்றன. ஆனால் அதே டோபமின்தான் உடம்பின் அசைவையும் ஒழுங்கு பண்ணுகிறது. வருஷக்கணக்கில் இடம் மறிக்கப்பட்டதும் மூளை தன் பங்குக்குப் புது இருக்கைகளைப் போட்டுக்கொள்கிறது, இருக்கிறவற்றின் உணர்ச்சியையும் கூட்டிக்கொள்கிறது என்பதுதான் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் விளக்கம். அப்போது கொஞ்சம் டோபமின் பட்டாலே போதும், அசைவு கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் அத்தனை இருக்கையிலும் டோபமின் வந்து உட்காரும். அசைவு குறையாது, சில சமயம் அதிகமாகும். பழைய நோயும் திரும்பி வரும். நேர்மாறாக, மருந்தின் அளவைக் கூட்டினால் அசைவு சில காலம் மறைந்துபோகும்! குணமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கும்.

ஒன்றில்லை, நாலு

இந்த மருந்துகளால் வரும் அசைவுக் கோளாறுகள் நாலு வகை. முதல் சில நாட்களிலேயே கழுத்து திருகிக்கொள்வது, கண் மேலே செருகிக்கொள்வது ஒன்று. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துத் தவித்து நடப்பது இரண்டாவது, இதற்கு அகதீசியா என்று பெயர். கை நடுக்கம், உடம்பு விறைப்பு, முகத்தில் உணர்ச்சியே இல்லாமல் போவது மூன்றாவது, பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். வருஷம் கழித்து வருவது நாலாவது, மேலே சொன்னது.

இவற்றில் கொடுமையானது இரண்டாவதுதான் என்பேன். ராத்திரி முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறவரைப் பார்த்து வீட்டார் "நோய் முத்திடுச்சு டாக்டர்" என்று போய்ச் சொல்வார்கள். டாக்டருக்கு முன்னால் வரிசையில் இன்னும் எழுபது பேர். அளவைக் கூட்டி எழுதிவிடுவார். எந்த மருந்தால் தவிப்பு வந்ததோ அதே மருந்து இன்னும் கொஞ்சம்! தாகம் என்று கேட்டவனுக்கு உப்பைக் கரைத்துக் கொடுத்த கதை.

நேற்று கண்டுபிடித்ததா?

"இதெல்லாம் புதுசா சொல்றீங்களே" என்று ஒரு நண்பன் கேட்டான். புதுசா?

மனநோய் மருந்துகளுக்கெல்லாம் முன்னோடியான குளோர்ப்ரோமசின் 1952-ல் பாரீஸில் புழக்கத்துக்கு வந்தது. ஐந்தே வருஷத்தில், 1957-ல், ஜெர்மனியில் ஷோனெக்கர் என்ற மருத்துவர் வாய் அசைவுகளைக் கவனித்து எழுதிவிட்டார். 1964-ல் பெயரும் வைத்தாயிற்று. 1976-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை முறையையே வகுத்துக் கொடுத்தது. சுருக்கமாக எய்ம்ஸ் என்பார்கள் (மதுரை செங்கல் ஞாபகத்துக்கு வரவேண்டாம், இது வேறு எய்ம்ஸ்). உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கணக்குப்படி, இந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களில் நாலில் ஒருவருக்கு இது இருக்கிறது. பழைய தலைமுறை மருந்து சாப்பிடுபவர்களில் 30 சதவீதம், புதிய தலைமுறையில் 20 சதவீதம் சுமாருக்கு.

நாலில் ஒருவர்! நாலு பேரில் ஒருவருக்கு வாந்தி வருகிற பரோட்டாக் கடையை நாம் சும்மா விடுவோமா?

சென்னையிலேயே நடந்த ஆராய்ச்சி

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். அது நியாயமான ஆட்சேபம், அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே டாக்டர் தாராவும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெக்ரீடியும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்து 1996-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மேலைநாடுகளில் மருந்தே சாப்பிடாத நாள்பட்ட மனச்சிதைவு நோயாளியைப் பார்ப்பது அபூர்வம். நம்மூரில் கிடைப்பார்கள் (பெருமைப்படுகிற விஷயமில்லை). எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நோயில்லாத முதியவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தாறுமாறான அசைவு இருந்தது. மருந்தே சாப்பிடாத நோயாளிகளில் 38 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களில் 41 சதவீதம். எனவே முதிய நோயாளிகளிடம் காணும் இந்த அசைவு நோயின் ஒரு பகுதியே, மருந்தால் வந்ததில்லை என்று முடித்தார்கள்.

"பார்த்தியா, மருந்து மேல பழி போடாதே" என்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். மருந்தே சாப்பிடாதவர்கள் மொத்தம் 21 பேர்தான், அவர்களின் சராசரி வயது 65. மருந்து சாப்பிட்டவர்கள் 83 பேர், சராசரி வயது 57. வயது ஏற ஏற இந்த அசைவு அதிகமாகும் என்பது தெரிந்த விஷயம். எட்டு வயது இளையவர்கள் பெரியவர்களை எட்டிப் பிடித்து முந்தியும் இருக்கிறார்கள். அதே ஆய்வில் பார்க்கின்சன் மாதிரியான விறைப்பும் நடுக்கமும் மருந்து சாப்பிடாதவர்களில் 24 சதவீதம், சாப்பிட்டவர்களில் 36 சதவீதம்.

சரி, அதையும் விடுங்கள். அசைவு நோயாலும் வரும், மருந்தாலும் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்பே பார்த்துக் குறித்து வைக்கவேண்டுமா, வேண்டாமா? முன்னால் இருந்ததா, பின்னால் வந்ததா என்று வேறு எப்படித் தெரியும்? அந்த ஆய்வை ஒழுங்காகப் படித்தால் பரிசோதனை இன்னும் அவசியம் என்றுதான் முடிக்கவேண்டும். நம்மவர்கள் அதைப் பார்க்காமல் இருப்பதற்கு லைசென்ஸாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சங்கிலியும் மாத்திரையும்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. காப்பகக் கொட்டகையில் விடியற்காலையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-வது பிரிவில் எழுதிவைத்தது.

நல்லது. இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் கோபம் வந்தது. ஒரு மனிதனை வருஷக்கணக்கில் யாரும் பரிசோதிக்காமல், தன் நாக்கையே தன்னால் அடக்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய் விடுவது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் "பைத்தியத்தோட சேஷ்டை" என்று கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அதே சட்டத்தின் 22-வது பிரிவு யாருக்காவது தெரியுமா? கொடுக்கப்போகும் சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்க விளைவுகள் என்ன என்று நோயாளிக்குச் சொல்லவேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்கிறது. 2018 மே மாதம் முதல் இது அமலில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் தமிழ், தெலுங்கு பேசுகிறவர்களோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். எந்த மொழியிலாவது யாராவது சொன்னார்களா? "தூக்கம் வரும், கொஞ்சம் வெயிட் போடும்" என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கூடவே வரும் குட்டி மாத்திரை

மனநோய் மாத்திரை வாங்குகிறவர்கள் பலரிடம் இன்னொரு சின்ன மாத்திரையும் இருக்கும். டிரைஹெக்சிபெனிடில். பாசிடேன் என்றால் மெடிக்கல் ஷாப்பில் உடனே தெரியும். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கழுத்துத் திருகலுக்கும் அது நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் முன்கூட்டியே, காலமெல்லாம் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1990-லேயே சொல்லிவிட்டது. வாய் மெல்லும் அந்த நாலாவது வகைக்கு இது உதவாது, சிலருக்கு அதிகமாக்கவும் செய்யும். வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி எல்லாம் இலவச இணைப்பு. இருந்தும் இரண்டு மாத்திரையும் ஜோடியாகவே வாழ்கின்றன. ஏன் என்றால் சி.எஸ்.டி.

"நமக்கென்ன, நாம மனநோயாளியா?"

இப்படி நினைத்துக்கொண்டு இதுவரை படித்த நண்பர்களே, உங்கள் பையில் இருக்கும் கேஸ் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ரபெப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் என்று போட்டு, கூடவே "லெவோசல்பிரைடு" என்று இருக்கிறதா? நெஞ்செரிச்சலுக்கு எழுதித் தந்திருப்பார்கள். லெவோசல்பிரைடு டோபமின் இருக்கையை மறிக்கும் மருந்துதான். அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடையாது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அதே குடும்பம். 12 வாரத்துக்கு மேல் கொடுக்காதே என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது.

சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, வயிறு கெட்டவர்கள் எத்தனை பேர்? டாக்டரிடம் ஒரு தடவை வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு மாசாமாசம் அதே அட்டையை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நாளைக்கு வாய் கோணினால் "பல்செட்டு சரியில்ல" என்று பல் டாக்டரிடம்தான் ஓடுவார்கள்.

வேலை போகும் சார்

கும்மிடிப்பூண்டி முழுக்க இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், வெல்டிங் பட்டறைகள். கை நடுங்குகிறவனை மெஷின் பக்கம் விடமாட்டார்கள், பாதுகாப்புக்காக விடவும் கூடாது. மனச்சிதைவிலிருந்து மீண்டு வேலைக்கு வந்த ஒருவனுக்கு மருந்தால் நடுக்கம் வந்தால் அடுத்த மாதம் காண்டிராக்டர் "நீ வராதே" என்பான். அவன் என்ன செய்வான்? மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுவான். மூன்று மாதத்தில் நோய் திரும்பும். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடல" என்று பழி அவன் தலையில்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. உலைப் புகையிலும் வெல்டிங் புகையிலும் இருக்கும் மாங்கனீசு வருஷக்கணக்கில் உள்ளே போனாலும் பார்க்கின்சன் மாதிரியான விறைப்பும் நடைத் தடுமாற்றமும் வரும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், தெரிந்தால் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டிருந்தது. ஆக, நம் பகுதியில் கை நடுங்கி வருகிற ஒருவனிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்: என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், எங்கே வேலை பார்க்கிறாய்? ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டால் குற்றவாளி தப்பிப்பான்.

"பயமுறுத்தாதே" என்பவர்களுக்கு

"ஏற்கெனவே ஜனங்க மனநல டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறாங்க, நீ வேற கிளப்பாதே" என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மைதான். 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று வந்தது. சிகிச்சை இல்லாத மனச்சிதைவு என்ன செய்யும் என்று ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் கேட்டால் தெரியும். இந்த மருந்துகள் லட்சக்கணக்கானவர்களைச் சங்கிலியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன.

ஆனால் மறைப்பதால் நம்பிக்கை வளராது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாய் கோணியதைத் தெருவே பார்க்கிறது. டாக்டர் சொல்லாததைத் தெரு சொல்கிறது, அதுவும் பத்து மடங்கு பெரிதாக்கி. முன்கூட்டியே சொல்லி, பார்த்து, வந்தால் மாற்றிக் கொடுக்கிற டாக்டரிடம்தான் ஜனங்கள் திரும்ப வருவார்கள்.

மாற்று இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், ஆபத்து குறைந்த வேறு மருந்துக்கு மாற்றலாம். குளோசபின் மாதிரி மருந்து இருக்கிறது, ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கவேண்டும். அசைவை அடக்க டெட்ராபெனசின் இருக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது. இதற்கென்றே முதல் மருந்தாக வால்பெனசினுக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஷோனெக்கர் எழுதி சரியாக 60 வருஷம் கழித்து! தாமதமாகக் கண்டால் பலருக்கு நிலைத்துவிடும் என்பதுதான் பிரச்சினை.

கூடுதலாக ஒரு தகவல். நம் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்து கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-லேயே எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. டெட்ராபெனசினும் வால்பெனசினும் கை வைக்கிற இடம் ரெசர்பின் கை வைத்த அதே மூளைப் பம்பின் குடும்பம்தான். வேர் நம்முடையது. மருந்து விலை மட்டும் அமெரிக்காவில் வருஷத்துக்குப் பல்லாயிரம் டாலர்.

பத்து நிமிஷம், ஒரு நாற்காலி

அந்தப் பரிசோதனைக்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போதும். செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டும். வாயில் வெற்றிலை, பாக்கு, மிட்டாய் ஏதாவது இருந்தால் துப்பச் சொல்லவேண்டும். கையை முழங்கால் மேல் வைத்து உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். வாயைத் திற, நாக்கை நீட்டு, கட்டை விரலால் மற்ற விரல்களை வேகமாகத் தட்டு. எழுந்து நில், கையை முன்னால் நீட்டு, நாலடி நடந்து திரும்பி வா. முடிந்தது. டாக்டருக்கு நேரமில்லை என்றால் பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். வயதானவர்கள், பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

திருவள்ளூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்து ஒரு நாற்காலிக்கா பஞ்சம்?

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் மாத்திரைக்கு முன் ஒரு பரிசோதனை, பிறகு தவறாமல் வருஷாவருஷம். அந்தத் தேதியும் முடிவும் ஓ.பி. சீட்டிலேயே இருக்கட்டும். தேதி இல்லாமல் சி.எஸ்.டி. எழுதக்கூடாது. குட்டி மாத்திரை இன்னும் தேவையா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வாந்தி, கேஸ் மாத்திரைகளுக்கு எத்தனை நாள் என்று எழுதுங்கள். மெடிக்கல் ஷாப் அண்ணன்மார்களே, கசங்கிப்போன பழைய சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் இந்த மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது வாய் அசைவு, நடுக்கம், தவிப்பு எதைக் கண்டாலும் செல்போனில் ஒரு நிமிஷம் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். "இதையும் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பது சட்டப்படி உங்கள் உரிமை. பக்க விளைவை நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தெரிவிக்க மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, எண் 1800-180-3024. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. இரண்டும் இலவசம்.

அந்தத் தெருக்கோடி மனிதரைப் பார்த்து இனி யாராவது சிரித்தால், அவர் மெல்வது நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்துவிட்டு மறந்துபோன ஒரு மாத்திரையாக இருக்கலாம் என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படித்துக்கொண்டிருக்கும் மாணவன். மருந்தில் எந்த மாற்றமும் உங்கள் டாக்டர் சொல்லித்தான். அவர் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.